தயங்கும் தாய் தேவை

தைவானின் கௌசியூங் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில், தாய்மார்களின் மனம் கோணாமல் வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு ‘பராமரிப்பாளர் மனப்பான்மை ஆய்வு மையம்’ திறக்கப்பட்டது. ஐந்தாம் மாடி முழுவதும் அதற்கு ஒதுக்கப்பட்டது. அங்கே இருந்த பிசியோதெரபிக் கூடம் கீழ்த்தளத்தில், ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

சியூச்சின் அந்த மாடிக்கு ஏறியது மகளுக்காக. மின்மினுக்கு ஒன்பது வயது. சக்கர நாற்காலி, வயிற்றுக் குழாய் வழியே சாப்பாடு, தீராத வலிப்பு. வலிப்புக்கு ஒரு மருந்து, அது கிளப்பும் வாந்திக்கு இன்னொன்று, வாந்தி மருந்து கிளப்பும் அரிப்புக்கு வேறொன்று என்று ஒரு கூட்டுக் குடும்பமே அந்தச் சின்ன உடம்பில் குடியிருந்தது. கடைசியாக வந்த மருந்து அவளைத் தூங்க வைத்துவிட்டது. காலையிலும் தூக்கம், சாயங்காலமும் தூக்கம். வலிப்பு குறைந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். சியூச்சினுக்கு மட்டும், பிள்ளையும் சேர்ந்து குறைந்துகொண்டே வருவதாகப் பட்டது.

சில உடம்பு சில மருந்தைக் கரைக்காது, அது உள்ளேயே தேங்கிவிடும் என்றார் டாக்டர். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி மரபணுவைப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். செய்துவிடலாமே என்றாள் சியூச்சின். டாக்டர் குரலைத் தாழ்த்தினார். கருவி இருக்கிறது, ஆளும் இருக்கிறார். ஆனால் இந்தச் சோதனையைப் பற்றித் தாய்மார்கள் என்ன நினைக்கிறார்கள் என்று முதலில் ஆராய்ந்து முடிக்க வேண்டும். அதுவரை யாருக்கும் அனுமதி இல்லை.

ஐந்தாம் மாடியில் இயக்குநர் குவோ அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

“சோதனையப் பத்தி உங்க மனசுல என்ன தோணுது, மின்மின் அம்மா?”

“செய்யணும்னு தோணுதுங்க.”

“பயம், தயக்கம் ஏதாவது?”

“இல்லீங்க. இன்னிக்கே செஞ்சாலும் சரி.”

குவோவின் முகம் வாடிப்போனது. இதுவரை வந்த எல்லாத் தாய்மாரும் இதையேதான் சொன்னார்களாம். எல்லாரும் சரி என்றால் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? ஆய்வு முடியாது. ஆய்வு முடியாமல் சோதனைக்கு அனுமதி வராது. தயங்குகிற தாய் ஒருத்திகூடக் கிடைக்கவில்லை என்று அவர் சொன்ன விதத்தில், சியூச்சினுக்கே அவருக்கு ஆறுதல் சொல்லலாம் போல இருந்தது.

தயங்கினால் என்ன ஆகும் என்று கேட்டாள். தயங்குபவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு என்றார் குவோ. ஆலோசனை கொடுத்து, ஐயம் தீர்ப்பதற்காக உடனே சோதனையும் செய்துகாட்டுவார்கள். சம்மதிப்பவர்களுக்கு அது தேவையில்லை. அவர்கள்தான் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார்களே.

சியூச்சின் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“சார், எனக்கு இப்பத்தான் லேசா தயக்கம் வருது.”

“எதனால?” குவோ அவசரமாகப் பேனாவைத் தேடினார்.

“மரபணுன்னா தாத்தா முப்பாட்டன் சமாச்சாரமெல்லாம் வெளிய வந்துடுமேன்னு. என் மாமியார் வழியில அப்படி நெறைய இருக்குங்க.”

குவோவுக்குக் கண் கலங்கியது.

ஆலோசனை அரை மணி நேரம் நடந்தது. ஆலோசகர்கள் மனம் நோகாதபடி, பொருத்தமான இடத்தில் சியூச்சின் மனம் மாறினாள். பஞ்சு கன்னத்தைத் தடவியது. முடிவைப் பார்த்ததும் டாக்டர் சீட்டிலிருந்த கடைசி மருந்தின் பெயரை அடித்தார். அந்த மருந்து மின்மினின் உடம்பில் கரையவே இல்லை. இத்தனை நாளும் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது.

மருந்து மாறியது. ஒரு நாள் தலைவாரக் குனிந்த அம்மாவின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, மின்மின் வாய்விட்டுச் சிரித்தாள். வலியில்தான் கண்ணீர் வந்தது என்று நர்ஸிடம் சொல்லிச் சமாளித்தாள் சியூச்சின்.

வார்டில் பக்கத்துக் கட்டில் பிள்ளையான காய்காயின் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மையம் திறந்த அன்றே சம்மதம் சொல்லிவிட்டு இன்னும் காத்திருப்பவள் அவள்.

“நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க? போய்த் தயங்குங்க,” என்றாள் சியூச்சின்.

“எதுக்குத் தயங்கறதுன்னு தெரியலையே.”

“ஒண்ணும் கிடைக்கலேன்னா என் மாமியார எடுத்துக்கோங்க.”

விஷயம் வார்டு முழுக்கப் பரவியது. லிஃப்ட் வாசலில் தயங்குபவர்களின் வரிசை நீண்டது. ஒருத்தி, பிள்ளையை நகலெடுத்துவிடுவார்களோ என்று அஞ்சினாள். இன்னொருத்தி மாட்ஸு தேவி கோயிலில் பிறை வடிவக் குறிக்கட்டைகளை உருட்டிக் கேட்டதில், தேவி பதில் சொல்லாமல் சிரித்துவிட்டாளாம். குவோ ஒவ்வொரு தயக்கத்தையும் மரியாதையோடு பதிந்துகொண்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் சோதனை நடந்தது. பலருக்கு மருந்து மாறியது. வார்டில் சத்தம் கூடிவிட்டதென்று நர்ஸுகள் புகார் செய்தார்கள்.

ஆய்வும் ஒருவழியாக முடிந்தது. ‘இம்மருத்துவமனைத் தாய்மார்கள் மரபணுச் சோதனை குறித்து ஆழ்ந்த தயக்கம் கொண்டுள்ளனர். அன்னாரின் உணர்வுகளுக்கு மதிப்பளித்து, இனி எக்குழந்தைக்கும் இச்சோதனை செய்யப்பட மாட்டாது’ என்று உத்தரவு வந்தது.

நன்றி சொல்ல குவோவே அன்னாசிக் கேக் பெட்டிகளோடு வார்டுக்கு வந்தார். “உங்க மனசுதாங்க எங்களுக்கு முக்கியம்,” என்று சொல்லிக் கட்டில் கட்டிலாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று காலையில்தான் கடைசிக் கட்டிலுக்கு ஒரு புதுப் பிள்ளை வந்திருந்தது. விடாத தூக்கம். அதன் தாய் உத்தரவைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“யாருங்க இது? எந்த அம்மா வேணாம்னு சொன்னாங்க?”

எல்லார் வாயிலும் கேக் நிறைந்திருந்ததால் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.