எங்கள் வீட்டில் குளித்த வெந்நீர் பாய்

கள்ளக்குறிச்சியில் வெந்நீர் பாய் குளிக்காத குளியலறை ஒன்று இருக்கிறதென்றால், அது இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை என்று அர்த்தம். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கடைத்தெருவில் கீசர், பாய்லர் விற்பவர். தோளில் சொந்தத் துண்டு, பையில் சொந்த சோப்பு. வாடிக்கையாளர் வீட்டில் ஒருமுறை குளித்துப் பார்க்காமல் எந்த மெஷினையும் மாட்டமாட்டார். வெள்ளிமலையில் ஒரு வீட்டுக்கு மார்கழி விடியற்காலையில் போய், பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டாராம். ஜீப் டிரைவர் அவரைச் சாமைச் சாக்கு இரண்டில் சுற்றி மலையிறக்கியதாகக் கேள்வி. மூன்று சாக்கு என்பாரும் உண்டு. நான் இரண்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோதுதான் அவர் வந்தார். முப்பத்தொரு வருட வீடு. தரை மாறியது, ஜன்னல் ஒன்பதும் மாறின. பின்கட்டில் இருந்த செம்பு பாய்லரை மட்டும் என் மனைவி சரஸ்வதி தொடவிடவில்லை. என் மூட்டுவலிக்கு தினமும் இரண்டு வாளி வெந்நீர். ஐந்து மணிக்கு எழுந்து, மரவள்ளிக் குச்சி வைத்து அவள்தான் எரிப்பாள். அவளுக்கோ வீசிங். புகைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம். ஒருநாள் நான் பற்றவைக்கப் போய்ப் பதினேழு தீக்குச்சி தீர்ந்ததிலிருந்து என்னையும் விடுவதில்லை. படுத்தபடியே அவள் இருமலை எண்ணுவேன். நாற்பதுக்குக் குறைந்ததில்லை. வெந்நீரே வேண்டாம் என்றால், "அப்புறம் வலி வலின்னு யாரு முனகறது?" என்பாள்.

அதனால்தான் பாயைக் கூப்பிட்டேன். வந்ததும் துண்டை உதறினார்.

"மொதல்ல பழைய பாய்லர் தண்ணில ஒரு குளியல் போட்டுக்கறேன் சார்."

"எதுக்கு பாய்?"

"உங்க ஒடம்பு எந்தச் சூட்டுக்குப் பழகிக்கினு இருக்குதுன்னு எனக்குத் தெரிய வாணாமா?"

இருபத்திரண்டு நிமிடம் குளித்தார். சிவந்துபோய் வெளியே வந்து, "இந்தச் சூட்டுல குளிச்சிக்கினு இன்னும் தோலோட இருக்கீங்களே சார்!" என்றார். பிறகு ஹீட் பம்ப்தான் சரி என்றார். காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்குமாம். நெருப்பில்லை, புகையில்லை, கரன்ட்டும் கம்மி. நான் நம்பவில்லை.

"காத்துல ஏது பாய் அவ்வளவு சூடு?"

"நம்ம ஊர்ல இருந்துக்கினு இதக் கேக்கறீங்களா? சித்திரையில வெளிய வந்து நில்லுங்க சார், சொல்றேன்."

மாட்டினார். நான்கு நாள் வெந்நீர் கொட்டியது. ஐந்தாம் நாள் வெதுவெதுப்பு. ஆறாம் நாள் அதுவும் இல்லை. ஏழாம் நாள் விடியற்காலையில் மரவள்ளிக் குச்சி ஒடியும் சத்தம் கேட்டது. பிறகு இருமல். ஐம்பத்திரண்டு வரை எண்ணிவிட்டு பாய்க்கு போன் போட்டேன்.

வந்தவர் மெஷின் முன்னால் திகைத்து நின்றார். "இன்னா சார் இது?"

சூடு வெளியே போய்விடக் கூடாதே என்று நான்காம் நாள் ராத்திரி நான்தான் அதற்கு இரண்டு கம்பளி, ஒரு தார்ப்பாய் போர்த்தி, கயிற்றால் ஏழு சுற்று கட்டியிருந்தேன்.

"காத்த இழுக்கிற மெஷின் சார். மூக்கப் பொத்திட்டு ஓடுன்னா எங்க ஓடும்?"

அதற்குள் சரஸ்வதி வந்துவிட்டாள். பாய் சட்டென்று குரலை மாற்றினார். "என் தப்பும்மா. ஃபிட்டிங்ல ஒரு சின்ன மிஸ்டேக்."

"எங் கம்பளிய நான் தேடாத எடமில்ல. அதுவும் உங்க ஃபிட்டிங்தானா பாய்?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன்.

கம்பளியை எடுத்ததும் சூடு திரும்பியது. அவள் நம்பிக்கைதான் திரும்பவில்லை. "மறுபடி என்னிக்கி நிக்குமோ" என்று மறுநாளும் பாய்லரிடம் போய் உட்கார்ந்தாள். குச்சியை அடுக்கும்போது வாசலில் மொபெட் சத்தம். துண்டோடு வந்த பாய் நேராகக் குளியலறைக்குள் போனார். உள்ளேயிருந்து தெருவுக்கே கேட்கும்படி கூவினார்:

"அம்மா! சூடு இருக்குது! குச்சிய எடுத்து உள்ள வெச்சிருங்க!"

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். எதிர்வீட்டுக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க வூட்டுல பாய் குடிவந்துட்டாரா?" என்று கேட்டார். நான்காம் நாள்வரை சரஸ்வதி தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பாய் கூவுவதற்குக் காத்திருந்தாள். ஐந்தாம் நாள் வெறுங்கையோடு வந்தாள். எட்டாம் நாள் படுக்கையிலிருந்தே, "கேட்டுச்சு பாய், கேட்டுச்சு!" என்று பதில் குரல் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் அவர் வண்டியை விட்டு இறங்கியபோது நான் வாசல் கேட் பக்கம் நின்றிருந்தேன்.

"அம்மா எழுந்துட்டாங்களா சார்?"

"இல்ல பாய். அசந்து தூங்கறா."

எடுத்த துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "அப்போ எனக்கு இங்க இன்னா வேல?" என்று கிசுகிசுத்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், அந்த மேட்டுத் தெருவில் மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டே போனார். மெயின் ரோட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அவர் கிக்கரை உதைக்கும் சத்தம் மெல்லக் கேட்டது.

மனுஷன் நல்லா இருக்கணும்.