பியர்பொன்ட்ஸில் நாலு ஆறு

“…தாண்டிப் போக இது தோட்டத்துப் பீலியில்லை ஐசே, சொர்க்கத்து ஆறு. சுத்தி வாரும்!”

வீட்டுக்காரர் காட்டியது பின்வளவில் ஒரு முழ அகல வாய்க்கால். கையில் தேத்தண்ணியோடு சுற்றித்தான் போனேன். 2000களில் மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பக்கத்துத் தமிழருக்குள் உயிரோடு சொர்க்கத்தில் குடியிருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் எங்களுக்கு அவர் சொர்க்கத்தார்.

துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவர். புல்லுக்கும் பூவுக்கும் வித்தியாசம் பார்க்காத மனிதர். வேலிக்கு அந்தப் பக்கத்து ஈரான்காரப் பெரியவர் ஒருநாள் தங்கள் ஊர்த் தோட்டங்களைப் பற்றிச் சொன்னார்: வறண்ட நிலம், சுற்றி மதில், நடுவில் தடாகம், நாலு திசைக்கும் நாலு வாய்க்கால். அவை சொர்க்கத்தின் ஆறுகள். தடாகம் அசையாமல் இருந்தால் வானமே கீழே இறங்கிவிடும். அடுத்த சனிக்கிழமை எங்கள் ஆள் பின்வளவுப் புல்லை முழுதாகக் கொத்திவிட்டார்.

தடாகத்துக்கு நீல ஓடு பதித்தார். அதில் யாரும் கை கழுவக்கூடாது. இலை விழுந்தால், “வானத்தில குப்பை!” என்று ஓடிவருவார். மாரியில் சொர்க்கம் உறைந்து கிடந்தபோது அதன்மேல் விழுந்த பனியையும் தள்ளினார்.

ஆறுகளுக்கு நடுவே நாலு பாத்தி. அவருக்கு றோசா வைக்க ஆசை. மனைவி பவளமக்கா நாலிலும் மிளகாய் வைத்தார்.

“சொர்க்கத்தில இருக்கிற ஆக்களும் கறி தின்னத்தானே வேணும்?”

முடியும்வரை எட்டிப் பார்க்கக்கூடாது என்று பெரியவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் வாயால் ‘சரி’ என்று ஒரு சொல் கேட்கத்தான் இரண்டு கோடையாக மண் சுமந்தது. பெரியவர் பார்க்க வருகிற நாளில்தான் சொர்க்கத்தார் என்னையும் கூப்பிட்டிருந்தார்.

கொதிக்கிற வெயில். சொர்க்கத்தார் நல்ல சேட் போட உள்ளே போனார். பவளமக்கா வாடிய மிளகாயைப் பார்த்தார். பக்கத்தில் சும்மா நின்ற தண்ணீரைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக் கை சும்மா இருக்குமா? மண்வெட்டியால் மண்கரையில் ஒரு வெட்டு. வானம் முழுக்க ஒரு மிளகாய்ப் பாத்திக்குள் போய்விட்டது.

“இஞ்சேரப்பா, என்ன வேலை செய்தனீர்!” நல்ல சேட்டோடு வெளியே வந்த சொர்க்கத்தார் கத்தினார்.

“தண்ணி மாறி விட்டனான். மிளகாய்க் கண்டு சாகுதெல்லே?”

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் வந்தார். பெரியவர் வெறுந் தடாகத்தைப் பார்த்தார், நனைந்த பாத்தியைப் பார்த்தார். பிரெஞ்சும் இங்கிலீசும் கலந்து அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: “சரி. எங்கட ஊரிலயும் ஆறு வேரிலதான் போய் முடியும். மற்ற மூண்டு பாத்தியும் ஏன் காயுது?”

சொர்க்கத்தார் சேட்டுக் கையை மடித்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பவளமக்காவிடம் மண்வெட்டியை வாங்கி, எங்களை எல்லாம் சுற்றவைத்த அந்த ஆற்றை ஒரே எட்டில் தாண்டினார்.