பார்வை மிகக் கூர்மை

பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் ஜகதீசன் பரிசோதகர். அங்கே வருஷா வருஷம் கண் சோதனை உண்டு. தேறாதவருக்கு வாசல் கேட்டில் உட்காரும் வேலை. ஆகவே ஊழியர் அனைவரும் டிஸ்பென்சரிச் சுவரிலுள்ள எழுத்து அட்டையை மனப்பாடம் செய்து, தத்தம் பார்வையைச் செவ்வனே பேணி வந்தனர்.

அப்படிப் பேணிய ஜகதீசன் கண்ணுக்குள்தான் சர்க்கரை வியாதி புகுந்தது. விழித்திரையில் ரத்தம் கசிகிறது, இந்த வாரமே கண்ணுக்குள் ஊசி போடாவிட்டால் இடது கண் போய்விடும் என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊசிச் செலவைத் தொழிற்சாலை ஏற்க டிஸ்பென்சரிக் கடிதம் வேண்டும். கடிதத்துக்குப் பார்வை குறைந்திருக்க வேண்டும்.

"தெரியலைன்னு மட்டும் சொல்லுங்கோ," என்று மனைவி அம்மணி ஆட்டோவில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டிஸ்பென்சரியில் டாக்டர் ராமச்சந்திரன் "படிங்க" என்றதுதான் தாமதம், பதினெட்டு வருஷப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது.

"ஈ. எஃப் பி. டி ஓ ஸெட்..." கடைசி வரி வரைக்கும் மூச்சு விடவில்லை.

"ஒரு எழுத்து தப்பில்லை," என்று டாக்டர் டிக் அடித்தார்.

அம்மணி சுவரைப் பார்த்தாள். வெள்ளையடிப்பதற்காக அட்டையைக் கழற்றியிருந்தார்கள். ஆணி மட்டும் இருந்தது.

"டாக்டர், அங்கே அட்டையே இல்லையே."

டாக்டர் கம்பவுண்டரைப் பார்த்தார்.

"ஆமா ஸார், இருக்கு. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்கே."

"கேட்டீங்களா? அட்டை இருக்கு. அவர் படிச்சார், நான் சரிபார்த்தேன். உங்களுக்கு மட்டும் தெரியலை. எத்தனை நாளா இப்படி?"

"ஐயோ, கண் போறது இவருக்கு டாக்டர். நேத்து காபி டிகாஷனை ரசம்னு சாதத்துல விட்டுண்டார்."

"அது நாக்கு. வேற டிபார்ட்மென்ட்," என்று டாக்டர் எழுதத் தொடங்கினார்.

வெளியே கண் சோதனைக்கு வரிசையில் நின்றவர்கள் ஜகதீசனைச் சூழ்ந்துகொண்டார்கள். "அதே அட்டைதானே?"

"அதேதான். ஒரு எழுத்து மாறலை," என்றார் ஜகதீசன். வரிசைக்கு உயிர் வந்தது.

பிறகு கடிதத்தை மூக்கோடு ஒட்டிப் பார்த்துவிட்டு, அம்மணியிடம் நீட்டினார். "என்னடி எழுதியிருக்கு?"

'திருமதி அம்மணிக்குக் கண்ணுக்குள் ஊசி, அவசரம். தனியே அனுப்பலாகாது. பார்வை மிகக் கூர்மையாக உள்ள கணவர் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டியது.'

"ஊசிக்கு சாங்ஷன் ஆயிடுத்தா? அப்பாடா," என்றது அந்தக் கூர்மையான பார்வை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அடுத்த படி எங்கே என்று காலால் தேடியது.