மறியலில் வழி கிடைத்த மயிர்க்கால்கள்

என்ன ஆராய்ச்சி செய்கிறோம் என்பதைச் சொந்தக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை. யார் கேட்டாலும் "செல் பத்திங்க" என்று மழுப்பிவிடுவேன். (நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்கவைத்த குடும்பம். தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?)

மயிர்க்காலில் எந்தச் செல் பிழைக்கிறது, எது சாகிறது, எந்தப் புரதம் அதை முடிவு செய்கிறது என்பதுதான் என் வேலை. அதற்கு உயிருள்ள தோல் வேண்டும். மாதக்கணக்கில் அலைந்த பிறகு, மன்னார்குடி ஆஸ்பத்திரியில் தலையிலிருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துக்கொண்ட ஒரு புண்ணியவான் மிச்சத் தோலைத் தரச் சம்மதித்தார். ஐஸ் பெட்டியில் வைத்து, தஞ்சாவூர் ஆய்வகத்துக்குப் பஸ் ஏறினேன். தாமதமானால் செல்கள் செத்துவிடும், என் பட்டமும் அதோடு போய்விடும்.

வடுவூருக்கு முன்னால் பஸ் நின்றது. காவிரித் தண்ணீர் கேட்டு மறியல். தலைமை, என் சித்தப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதம்மா. பொட்டியில என்ன?"

"உயிருள்ள செல்லு சித்தப்பா. சீக்கிரம் போகலைன்னா செத்துடும்."

டிவியில் இப்படிப் பெட்டி போவதைப் பார்த்திருக்கிறார். நான் விளக்குவதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டார். "இதயம் போகுது! எல்லாரும் எந்திரிங்க!"

சாலையில் படுத்திருந்த ஊரே எழுந்து கும்பிட்டது. ஒரு அக்கா பெட்டிக்கு விபூதி பூசினார். கைது செய்ய வந்த போலீஸ் ஜீப் முன்னால் சைரன் போட்டுப் போனது. பின்னால் சித்தப்பாவின் பைக்கில் நான். (அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.)

ஆய்வக வாசலில் என் பேராசிரியரைப் பார்த்ததும் சித்தப்பா கைகூப்பினார். "இதயம் பத்திரமா வந்துடுச்சுங்க. யாருக்குங்க வைக்கப்போறீங்க?"

"இதயமா? தலைமுடிங்க அது."

சித்தப்பா தலைத்துண்டை அவிழ்த்து, வழுக்கையை மெதுவாகத் துடைத்துக்கொண்டார். "பயிரு காயுதுன்னு நான் ரோட்டுல படுத்துக் கிடக்கேன். நீ மயிரு காயுதுன்னு வந்தியாக்கும்?"

அவமானத்தில் செத்தேன். செல்கள் சாகவில்லை. அவற்றை வைத்துத்தான் பட்டம் வாங்கினேன்.

மறியலுக்குத் திரும்பிய சித்தப்பா, "பொழைச்சிருச்சு" என்று மட்டும் அறிவித்தாராம். இன்றும் வடுவூர் டீக்கடையில் யாராவது கேட்பார்கள்: "அந்த இதயம் வச்சவரு நல்லா இருக்காராம்மா?"

"நல்லா இருக்காருங்க" என்பேன்.

பக்கத்தில் சித்தப்பா தன் தலையைத் தடவிக்கொள்வார். "ஊரையே எழுப்பி வழி விட்டது நானு. எனக்கு ஒரு நாத்துகூட நட மாட்டேங்குறா."