லாரி முள்ளும் ஜீப் மிதவையும்

டேங்க் வழிய வழியப் பெட்ரோல் ஊற்றிவிட்டு எசென்குல் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தான். பெட்ரோல் முள் சுத்தமாகக் காலி என்றது.

நாளைக் காலை கணவாய்க்கு அந்தப் பக்கம் மகள் வீட்டில் பேத்திக்குத் தொட்டில் விருந்து. வழியில் பங்க் கிடையாது. மகள் கல்யாணத்துக்குப் போனபோதே ஜீப் பாதி வழியில் வறண்டு நின்று, சம்பந்தி தேநீர்க் கெண்டியில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினார். அன்றிலிருந்து எந்த விருந்தில் பார்த்தாலும், "உங்களுக்கு டீயா, பெட்ரோலா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். இன்னொரு தடவை நின்றால் மானம் கப்பலேறிவிடும்.

நாலு வருஷமாகக் காலியிலேயே செத்துக் கிடந்த பழைய முள்ளைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய இரும்புச் சந்தையில் ஒரு லாரி முள் வாங்கி மாட்டியிருந்தான். அது இந்த லட்சணத்தில் இருக்கிறது.

"என்னங்க, பேசாம ஒரு குச்சிய உள்ள விட்டுப் பாத்துக்கலாமே?" என்றாள் மனைவி சோனுன்.

"சம்பந்தி முன்னாடி குச்சி விட்டு ஆட்டச் சொல்றியா?"

சந்தைக் கடைக்காரனுக்குப் போன் போட்டான்.

"முள்ளு லாரியோடது, டேங்குக்குள்ள மிதக்குற மிதவை ஜீப்போடது. அது ஏறுனா இது இறங்கும். ரெண்டும் ஜோடியா இருந்தாத்தான் குடும்பம் நடக்கும். லாரி மிதவையும் வாங்கிக்கோ!"

வாங்கினான். அதை மாட்ட டேங்கைக் காலி செய்ய வேண்டும். வாளி நிறைந்தது, பால் கேன் நிறைந்தது.

"அய்யய்யோ, அது குதிரைப்பால் ஊத்தி குமிஸ் கடையற பாத்திரம்!"

"கழுவிடலாம் விடு."

"நீங்களே குடிங்க அதுல!"

புது மிதவையோடு மறுபடி ஊற்றினான். முள் இப்போது சரியான பக்கம்தான் நகர்ந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. லாரி டேங்க் ஆழம் அதிகம். அதன் நீளக் கம்பிக்கு ஜீப் டேங்கில் நிமிர இடமில்லை. மறுபடி காலி செய்து கம்பியை வளைத்தான். திரும்ப ஊற்றியதும் முள் 'நிறைவு' என்றது. வளைத்த கம்பி டேங்கின் சுவரில் சிக்கிக்கொண்டதால், கடைசிச் சொட்டை வடித்த பிறகும் 'நிறைவு' என்றே சாதித்தது.

"முன்னாடி இருக்கறத இல்லன்னுச்சு. இப்ப இல்லாதத இருக்குங்குது. நல்ல முன்னேற்றம்தான்" என்றாள் சோனுன்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. கம்பியை இன்னும் கொஞ்சம் வளைத்து, ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் சோனுனின் நகப்பூச்சால் முள்ளுக்கு மேலிருந்த கண்ணாடியில் கோடு போட்டான். பொழுது சாயும்போது முள்ளும் மிதவையும் ஒரு வழியாக ஒத்துப்போயின. டேங்கும் நிறைவு, முள்ளும் நிறைவு.

"நாளைக்கு வரட்டும் அந்தக் கெண்டிக்காரரு!" என்று துள்ளினான்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் சாகின் குதிரையில் வந்து இறங்கினார். நேராக ஜீப்புக்குள் தலையை விட்டார்.

"டேய், நிறைஞ்சிருக்கே! சாவியக் கொடு. நாளைக்கு விருந்துக்கு நான், உன் அண்ணி, அவ தங்கச்சிங்க மூணு பேரு. அஞ்சு பேருக்குச் சரியா இருக்கும்."

"அண்ணே, அப்ப நாங்க?"

"என் குதிரை இருக்கில்ல? ரெண்டு பேரைத் தாங்கும்."

அண்ணன் கேட்டு இல்லை என்று சொன்ன தம்பி அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. எசென்குல் சாவியை நீட்டினான்.

"இத்தனை வருஷமா ஒரு தடவைகூட வண்டி கேட்டதில்லையேண்ணே?"

சாகின் கடிவாளத்தைத் தம்பி கையில் திணித்துவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"வாராவாரம் வந்து எட்டிப் பாத்துட்டுத்தாண்டா போனேன். முள்ளு காலியிலயே நின்னா, உன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டு ஓட்ட எனக்கென்ன பைத்தியமா?"