இஸ்திரிக் கொட்டகையில் 230 வோல்ட்

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அதைச் சொன்ன பேச்சுக் கேட்க வைத்த பெருமை மட்டும் திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி லிங்கசாமியையே சேரும். ஆண்டு 1966.

அந்த ஐப்பசியில்தான் அவர் கம்பெனியில் "விஞ்ஞான முறை" புகுந்தது. அதாவது, கரி போட்டு ஊதும் இஸ்திரிப் பெட்டிகள் நான்கும் பழைய இரும்புக்குப் போயின. பம்பாயிலிருந்து மின்சாரப் பெட்டிகள் நான்கு வந்தன. பெட்டிகளுக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். லிங்கசாமி சொற்பொழிவாற்றினார்.

"இனிமே நம்ம கம்பெனியில கைக்கு வேலையில்லீங்க. கரண்டுக்குத்தான் வேலை."

எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுவாரமே விஞ்ஞானத்துக்குச் சோதனை வந்தது. கரிப்பெட்டியில் தேய்த்த பனியனில் பாதிகூட மின்சாரப் பெட்டியில் ஆகவில்லை. விஞ்ஞானம் கரியைவிட மெதுவாக இருக்க முடியாது. ஆகவே இஸ்திரி போடும் பெண்கள் நால்வரும் சோம்பேறிகள். அவர்களில் நல்லம்மாள் மட்டும், "பொட்டி சூடே ஏற மாட்டேங்குதுங்க மொதலாளி" என்று வாய் திறந்தாள். ஆகவே மிகப் பெரிய சோம்பேறி நல்லம்மாள். அவளை வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. பிறகு, விஞ்ஞான முறைப்படி, விசாரணைக்கு உத்தரவாயிற்று.

விசாரிக்கும் பொறுப்பு அர்த்தநாரிக்கு. அவன் இயற்பியலில் பி.எஸ்ஸி., முதல் வகுப்பு. கம்பெனியின் "தொழில்நுட்ப ஆலோசகர்". லிங்கசாமியின் அக்கா மகன். தை மாதம் அவர் மகளைக் கட்டப் போகிறவன்.

"மாப்ளெ, கரண்டு நல்லாத்தான் வருது, அவதான் சரியில்லைன்னு ஒரு கணக்குப் போட்டுக் குடு."

"அளந்து பாத்துட்டுச் சொல்றனுங்க மாமா."

"சொல்லிப்போட்டு அப்பறமா அள. ஆரு வேண்டாங்கறது?"

அர்த்தநாரி, புதிதாகப் படித்து வந்தவன் செய்யும் தவறைச் செய்தான். முதலில் அளந்தான்.

நான்கு பெட்டிகளும் ஓடும்போது ஆபீசில் 230 வோல்ட். இஸ்திரி போடும் கொட்டகையில் 160. ஒரு பெட்டிக்குள் ஓடிய மின்னோட்டம் 3 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தான்: மின்தடை 53 ஓம். இரண்டையும் பெருக்கினான்: திறன் 480 வாட். பெட்டியின் நெற்றியிலோ 1000 வாட் என்று எழுதியிருந்தது. மீதி எங்கே? ஆபீசிலிருந்து கொட்டகை வரை, துணி காயும் களத்துக்கு மேலே, நூல் மாதிரி ஒரு கம்பி ஓடியது. அந்தக் கம்பி தின்றுகொண்டிருந்தது.

நல்லம்மாள் அருகில் வந்தாள்.

"ஏனுங்க தம்பி, எம் பேர்ல தப்பிருக்குதுங்களா?"

"இல்லீங்கக்கா."

"அதெ அவருகிட்டச் சொல்லிப்போடுங்க சாமி. மங்கலத்துல எங்கூட்டுக்காரர் தறி நின்னு போச்சு. ஊட்டுல இப்ப என்ற கையி ஒண்ணுதானுங்க ஓடுது."

"சொல்றனுங்க" என்றான். சொல்லவும் சொன்னான்.

"மாமா, கம்பி மெலிசுங்க. வழியிலயே எழுவது வோல்ட்டு போயிருது."

"அது நான் பாத்து வாங்குன கம்பி. நான் பாத்த கம்பியும் நான் பாத்த மாப்பிள்ளையும் சோடை போவாது. என்ன, போகுமா?"

"போகாதுங்க மாமா."

"பொட்டி மேல எத்தனை வோல்ட்டுன்னு போட்டிருக்குது?"

"230-ங்க."

"பின்னெ அதையே போடு. அச்சடிச்சவன் பைத்தியக்காரனா?"

அர்த்தநாரி போட்டான். மின்தடை, அளந்தது. வோல்ட், அச்சடித்தது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 53-ஆல் வகுத்தான். 998 வாட். பெருக்கலில் பிழையில்லை. வகுத்தலிலும் பிழையில்லை.

விசாரணையில் அதைப் படித்தபோது நல்லம்மாள் கேட்டாள்: "அத்தனையும் என்ற பொட்டிக்கு வருலீங்களே தம்பி?"

"கணக்குப்படி வருதுங்கக்கா" என்றான் அர்த்தநாரி, மேசையைப் பார்த்து.

அவள் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வேலம்பாளையத்து வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் அதிசயம் நடந்தது. மீதி மூவரின் பெட்டிகளும் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறின. ஆளுக்கு ஆள் பனியன் கூடியது.

"பாத்தியா மாப்ளெ! ஒரு சோம்பேறி போனதும் மத்தவளுகளுக்கு வேகம் வந்திருச்சு!"

ஒரு பெட்டி நின்றால் கம்பியில் ஓடும் ஆம்பியர் குறையும்; வழியில் தொலையும் வோல்ட்டும் குறையும். கொட்டகையில் இப்போது 173. அர்த்தநாரிக்கு இது தெரியும். கல்யாணப் பத்திரிகை அச்சில் இருப்பதும் தெரியும்.

"ஆமாங்க மாமா."

ஆனால் நால்வர் வேலையை மூவர் முடிக்க முடியவில்லை. மறுபடி விசாரணை, மறுபடி 998 வாட். பொன்னாத்தாள் போனாள். வோல்ட் 189. சின்னாத்தாள் போனாள். 207. ஒவ்வொரு நீக்கத்துக்கும் மின்சாரமே எழுந்து நின்று மரியாதை செய்தது. கடைசியில் தெய்வாத்தாளும் போனாள்.

அன்று மாமாவும் மாப்பிள்ளையும் கொட்டகைக்குள் போனார்கள். நான்கு பெட்டிகளும் குளிர்ந்து கிடந்தன. தேய்க்காத பனியன்கள் கூரைவரை குவிந்திருந்தன. யாருக்காகவும் எதையும் சுமக்காத கம்பி, எதையும் தின்னவில்லை. அர்த்தநாரி வைத்த வோல்ட் மீட்டரின் முள் அசையாமல் 230-ல் நின்றது.

"நான் மொதல்லயே சொன்னனல்ல? கரண்டுல கோளாறே இல்லை. அவளுகதான்."

"ஆமாங்க மாமா."

மீட்டர் அன்றும் உள்ளதையே காட்டியது. முதல் நாளும் உள்ளதையே காட்டியது. அந்தக் கம்பெனியில் பொய் காட்டிய கருவி ஒன்றே ஒன்றுதான். அது முதல் வகுப்பில் தேறியிருந்தது.