ரோட்டர் அண்ணையின் கார்

களவு போகாமல் இருக்கவென்று தன் காரைத் தானே நாளுக்குப் பத்துத் தடவை சாகடித்த மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் அன்புவழிபுரத்து ரோட்டர் அண்ணை ஒருவர்தான்.

சண்டைக் காலம். ஆட்களும் வாகனங்களும் சொல்லாமல் காணாமற் போய்க்கொண்டிருந்தன. வாடகைக் கார் ஓடிய அண்ணை எங்கே நிறுத்தினாலும் பொனற்றைத் திறப்பார். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பெருவிரல் அளவு ரோட்டரை உருவிச் சட்டைப் பையில் போடுவார். பக்கத்து ஊரான சல்லியில் கடலில் குளித்தால் அது வாய்க்குள் இருக்கும். அப்போது யார் எது கேட்டாலும் தலையாட்டல்தான்.

"அப்பிடி என்ன அண்ணை அதிலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பந்தியிலை சோறு போடுற ஆள் இவர். நடுவிலை வாற கரண்ட்டை வாங்கி, சுத்திச் சுத்தி நாலு பிளக்குக்கும் குடுப்பார். ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு. வரிசை பிழைச்சால் எஞ்சின் வெடி போடும். சென்றியிலை காவல் நிக்கிற ஆமிக்காரன் திருப்பி வெடி வைப்பான்!"

"இவர் இல்லாட்டி?"

"நாலு பேரும் பட்டினி. கார் வெறும் தகரம்."

ஒரு மத்தியானம் திடீரென்று ஊரடங்கு. அண்ணை காரை எங்கள் வீட்டு வாசல் படலையடியில் விட்டு, ரோட்டரை உருவிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். கதவு, யன்னல் எல்லாம் சாத்தினோம். வெளியே கொளுத்தும் வெயில். ஒரு காகம்கூடக் கத்தவில்லை. என் மனைவி கொடுத்த தேத்தண்ணியை அண்ணை வாயில் வைத்தபோது, ஒரு கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

அவருடைய கார்.

அண்ணை உள்ளங்கையை விரித்தார். ரோட்டர் அங்கேயே இருந்தது.

"கார்த் திறப்பு இல்லாட்டி வயரை முட்டவைச்சு ஸ்டார்ட் பண்ணலாம் தம்பி," என்றார். "இது இல்லாமல் என்னண்டு ஓடுது?"

யன்னல் இடுக்கால் பார்த்தோம். ஒழுங்கையில் புழுதி மட்டும். வெளியே பாயப்போனவரை இழுத்துப் பிடித்தேன்.

"போகாதேங்கோ, சுடுவாங்கள்!"

பொழுதுபட முன் அதே சத்தம் திரும்பி வந்து படலையடியில் நின்றது. கார்க் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. காலடிச் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஊரடங்கு எடுத்ததும் போய்ப் பார்த்தோம். டிஸ்ரிபியூட்டருக்குள் வேறொரு ரோட்டர், புத்தம் புதிது. பெற்றோல் நிரம்பியிருந்தது. பின் சீற் ஈரம், சவர்க்கார மணம். தையல்களில் மட்டும் சிவப்பு மிச்சமிருந்தது.

அண்ணை கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஈர சீற்றில் கையை வைத்தபடி நின்றார்.

"ஆள் தப்பியிருப்பானோ?"

"ஆர் அண்ணை?"

"ஆரெண்டாலும்."

அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. யாரும் வந்து சொல்லவுமில்லை. அதன்பிறகு அவர் ரோட்டரைக் கழற்றவே இல்லை. பின் சீற்றில் தோய்த்துக் காயவைத்து மடித்த வெள்ளைத் துணியும் ஒரு போத்தல் தண்ணீரும் வைத்தார். "இது ஆருக்கு?" என்று கேட்டவர்களிடம், "வாறவைக்கு," என்பார். கேட்டவர்கள் சட்டென்று முன் சீற்றுக்கு மாறிவிடுவார்கள்.

அந்த நாட்களில் நான் பயமில்லாமல் கண்ணயர்ந்ததென்றால், எவருக்காகவும் திறந்து கிடந்த அந்தப் பின் சீற்றில்தான்.